காசும் கேஷும்: ஒரு சொல்லின் வரலாறும் அது உணர்த்தும் கடமையும்

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், அதன் அலுவலகத்தில் ஒரு பகற்பொழுது அமர்ந்திருப்போர் செவியில் ஓர் ஆங்கிலச் சொல் பலமுறை விழும். நெய்து முடித்த சேலையை ஒப்படைத்த நெசவாளர், கூலி கேஷாகக் கிடைக்குமா, வங்கிக் கணக்கிற்குச் செல்லுமா என்று கேட்பார். நிலக்கடலை மூட்டையை எடையிட்டுக் கொடுத்த விவசாயியும் அதனையே கேட்பார். செயலாளர் மாலையில் கேஷ் புத்தகத்தை முடிப்பார். தணிக்கையாளர் வந்தவுடன் கேஷ் இருப்பை எண்ணிக் காட்டச் சொல்வார். மத்திய கூட்டுறவு வங்கியிடமிருந்து சங்கம் பெறும் நடைமுறைக் கடனுக்கும் கேஷ் கிரெடிட் என்று பெயர். எழுத்தறியாத மூதாட்டியரும் பொருளறிந்து வழங்கும் அளவிற்கு இச்சொல் நம்மிடையே பழகிவிட்டது.

இச்சொல் எங்கிருந்து வந்தது? "நமது காசுதான் வெள்ளையர் வாயிற் பட்டுக் கேஷ் ஆயிற்று" என்று நம்மிற் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்கூற்றிற் பாதி உண்மை; பாதி உண்மையன்று. எப்பாதி உண்மை என்று தெளிவது வீண் ஆராய்ச்சி ஆகாது. பலருக்குப் பொதுவான பணத்தை எவ்வாறு வைத்துக் காக்க வேண்டும் என்னும் பாடம் அச்சொல்லின் பிறப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதனை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. பெட்டியே முதற்பொருள்

பழைய ரோமானியரின் இலத்தீன் மொழியில் காப்ஸா என்பது பெட்டிக்குப் பெயர். சுருட்டி வைக்கும் ஏடுகளை இட்டு எடுத்துச் செல்லும் உருளை வடிவான பெட்டியையும் அவர்கள் அப்பெயரால் அழைத்தனர். கொள்ளுதல், பற்றுதல் என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்லிலிருந்து அது பிறந்தது. நம் மொழியிற் கொள் என்பதிலிருந்து கொள்கலம் பிறந்தாற்போல என்று கொள்ளலாம்.

இந்தக் காப்ஸா இத்தாலியரிடம் காஸ்ஸா என்றும், பிரெஞ்சுக்காரரிடம் கெஸ் என்றும் ஆயிற்று. வணிகர் பணம் வைக்கும் பெட்டிக்கு அது சிறப்புப் பெயராக அமைந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அதனைக் கடன்வாங்கிக் கேஷ் என்று வழங்கினர். அக்காலத்தில் அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பணப்பெட்டி, மற்றொன்று அப்பெட்டியிலுள்ள பணம். நாளடைவிற் பெட்டி என்னும் பொருள் ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது. உள்ளிருந்த பணம் மட்டும் அப்பெயருடன் நிலைத்தது.

இது நமக்குப் புதிய முறையன்று. "ஊர் கூடிற்று" என்று சொல்லும்போது ஊரிலுள்ள மக்களையே கருதுகிறோம். இடத்தின் பெயர் அங்குள்ள பொருளுக்கு ஆகி வருவதை நம் இலக்கண நூலார் இடவாகுபெயர் என்பர். கேஷ் என்பதும் அத்தகையதே.

இச்சொல்லின் உறவினர் சிலரை நாம் நாள்தோறும் காண்கிறோம். துணி வைத்துச் செல்லும் சூட்கேஸில் உள்ள கேஸ் என்னும் பகுதி அதே காப்ஸாவின் வழிவந்தது. மருத்துவர் கொடுக்கும் காப்ஸ்யூல் என்னும் மருந்துக் குளிகைக்குச் சிறு பெட்டி என்பதே சொற்பொருள். பெட்டிக்குப் பொறுப்பானவர் கேஷியர். ஒருவரைப் பதவியிலிருந்து நீக்குவதைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் இதே ஒலியும் எழுத்தும் உடைய வினைச்சொல் ஒன்று உண்டு. ஆயினும் அது வேறு மூலத்திலிருந்து வந்தது. கணக்குத் தவறிய கேஷியருக்கு அவ்விரண்டு சொற்களும் ஒருங்கே பொருந்தி வருவது தற்செயலே.

2. நம் காசு கடல் கடந்த வழி

இனி, நம்முடைய காசைக் கவனிப்போம். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் காசு என்பது பெரும்பாலும் பொன் நாணயத்தைக் குறிக்கும். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், கோயிலுக்குரிய காசுகளை ஊர்ச் சபையார் கடனாகப் பெற்றுப் பொலிசை, அதாவது வட்டி, செலுத்தி வந்த செய்தி காணப்படுகிறது. ஆண்டொன்றுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்காற் காசு பொலிசை. இக்காலக் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அக்காசு காலப்போக்கில் மதிப்பிறங்கிச் செம்பு நாணயங்களுள் மிகச் சிறியதன் பெயராயிற்று.

1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்தபின், போர்த்துகீசியர் நம் கடற்கரைகளில் வாணிகம் செய்யத் தொடங்கினர். இங்கு வழங்கிய சிறு நாணயத்தின் பெயரைக் கேட்டு அதனைத் தம் மொழியிற் காய்ஷா என்று எழுதினர். அவர்கள் மொழியிற் பெட்டிக்கும் காய்ஷா என்பதே பெயர். அதுவும் இலத்தீன் காப்ஸாவின் வழிவந்ததே. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் உருவில் வழங்குவது மக்கள் இயல்பு. போர்த்துகீசியரைப் பின்பற்றி ஆங்கிலேயரும் நம் காசைத் தமக்கு முன்பே பழக்கமான கேஷ் என்னும் உருவில் எழுதினர்.

இவ்வாறு ஆங்கிலத்தில் இரண்டாவது கேஷ் ஒன்று தோன்றியது. சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1818 வரையில் வராகன், பணம், காசு என்னும் மூன்று நாணயங்களிலேயே கணக்கு வைத்தனர். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசுகள். அவர்களுடைய ஏடுகளிற் பணம் என்பது ஃபனம் என்றும், காசு என்பது கேஷ் என்றும் காணப்படும்.

சென்னை மாகாணத்தில் வழங்குவதற்காக 1803இலும் 1808இலும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலுள்ள சோஹோ நாணயசாலையில் 10 கேஷ், 20 கேஷ் செம்பு நாணயங்கள் பெருமளவில் அடிக்கப்பட்டன. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி அழிந்தது. 1980களில் முக்குளிப்போர் அந்நாணயங்களில் ஏராளமானவற்றைக் கடலடியிலிருந்து மீட்டனர். தமிழ்நாட்டுக் காசு ஒன்று தமிழ்நாட்டைக் காணாமலேயே ஆங்கிலக் கடலில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது என்று சொல்லலாம்.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949 வரையில் நிலவியது. அங்கு அடிக்கப்பட்ட நாணயத்தில் ஒரு கேஷ் என்று ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. 1956இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த கன்னியாகுமரிப் பகுதியில் வழங்கிய நாணயமும் அதுவே. சீனாவில் நடுவே சதுரத் துளையிட்டுக் கயிற்றிற் கோத்து வைத்த செம்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தனர். சீனர் அதற்கு வேறு பெயர் வழங்கினர். நம் காசின் பெயரே சிறு நாணயத்துக்குப் பொதுப்பெயராகிக் கிழக்குக் கடல் முழுவதும் சென்றுவிட்டது.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயாபைசா என்ற முறை வந்தபோதும், நம் மக்கள் அதனைப் பத்துக் காசு, ஐம்பது காசு என்றே வழங்கினர். பெயர் எத்தனை ஆட்சிகளைக் கண்டும் அழியவில்லை.

3. இரண்டும் ஒன்றல்ல என்பதற்குச் சான்று

ஆகவே, ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் இரண்டு கேஷ்கள் உள்ளன. சிறு நாணயத்தின் பெயரான கேஷ் நம் காசிலிருந்து பிறந்தது. கையிலுள்ள பணம் என்னும் பொருளில் இன்று உலகம் வழங்கும் கேஷ் இலத்தீன் பெட்டியிலிருந்து பிறந்தது. ஒலி ஒத்திருப்பதனாலேயே இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. வெனிஸ் நகரில் 1494இல் லூக்கா பாச்சோலி என்னும் துறவி ஒரு கணித நூலை அச்சிட்டு வெளியிட்டார். இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கி அச்சேறிய முதல் நூல் என்று அது போற்றப்படுகிறது. வணிகன் தன் பேரேட்டில் வைக்க வேண்டிய கணக்குகளுள் ஒன்றை அவர் காஸ்ஸா என்று குறிப்பிடுகிறார். போர்த்துகீசியர் கோழிக்கோட்டிற்கு வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்தே. நம் காசைக் காணுமுன்பே இத்தாலிய வணிகர் பணக்கணக்கைப் பெட்டியின் பெயரால் எழுதிவந்தனர் என்பது இதனால் விளங்கும். இவ்வுண்மையை ஏற்பதனால் தமிழுக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

அந்நூலிற் பாச்சோலி கூறும் ஒரு விதி நமக்கு மிகவும் பயன்படும். மற்றக் கணக்குகளில் வரவு மிகலாம், செலவு மிகலாம். பெட்டியின் கணக்கில் மட்டும் செலவு வரவை ஒருபோதும் மிஞ்சாது. மிஞ்சுவதாக ஏடு காட்டினால் ஏட்டிற் பிழை உண்டு என்பது அவ்விதி. காரணம் எளிது. பெட்டியில் நூறு ரூபாய் இருந்தால் நூற்றைத்தான் எடுக்க முடியும். நூற்றொன்றை எடுக்க யாராலும் இயலாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கூறிய இவ்விதியைக் கொண்டு இன்றும் தணிக்கையாளர் ரொக்க ஏட்டைச் சோதிக்கலாம்.

4. பெட்டியை மறவாத சங்கங்கள்

ஆங்கிலம் பெட்டியை மறந்தது என்றோம். ஐரோப்பாவின் வேறு மொழிகள் அதனை மறக்கவில்லை. கூட்டுறவு வரலாற்றிற்கு இது நெருங்கிய தொடர்புடைய செய்தி.

ஜெர்மானியர் பெட்டியைக் காஸ்ஸே என்பர். ரைன் நதிப் பகுதியிலுள்ள ஹெட்டஸ்டார்ஃப் என்னும் ஊரில் 1864இல் ரைஃபைசன் என்பவர் ஏழை விவசாயிகளுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அதன் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினாற் கடன்பெட்டிச் சங்கம் என்று வரும். அங்கத்தினர் அனைவரும் தம் உடைமை முழுவதையும் பொறுப்பாக வைத்தனர். நிர்வாகிகள் ஊதியம் பெறவில்லை. கணக்கையும் பெட்டியையும் பார்த்துக்கொண்ட ஒருவருக்கே ஊதியம் அளிக்கப்பட்டது. பெட்டியிற் குறை நேர்ந்தால் ஊரார் ஒவ்வொருவருடைய நிலமும் மாடும் அதற்கு ஈடாகும். ஆகவே ஒவ்வொருவரும் பெட்டியின்மீது கண்வைத்திருந்தனர்.

இத்தாலியிற் பாதுவா நகருக்கு அருகேயுள்ள லொரெஜ்ஜா என்னும் சிற்றூரில், 1883இல் லியோனே வொல்லம்போர்க் என்பவர் இதே முறையில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதன் பெயர் காஸ்ஸா ரூராலே. அதாவது கிராமப் பெட்டி.

கனடாவின் கியூபெக் மாநிலத்து லெவி நகரில் 1900 டிசம்பரில் அல்ஃபோன்ஸ் தெஜார்தன் நிறுவிய சங்கத்தின் பெயர் கெஸ் பொப்யுலேர். அதாவது மக்கள் பெட்டி. அடுத்த மாதம் பணம் பெறத் தொடங்கிய முதல் நாளில் முதலாவதாக வந்த சேமிப்பு பத்துச் சென்ட். அன்று மொத்தம் சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட். தெஜார்தன் பாராளுமன்றப் பணிக்காக ஒட்டாவா நகரிற் பல மாதம் தங்க நேர்ந்தபோது, அவர் மனைவி தொரிமேன் அம்மையாரே ஊதியமின்றி வீட்டிலிருந்து அப்பெட்டியின் கணக்கைப் பார்த்துவந்தார். அம்மக்கள் பெட்டி இன்று கனடாவின் மாபெரும் கூட்டுறவு நிதி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

இவ்வரலாறு நம் மாநிலத்தையும் தொடுகிறது. ஐரோப்பாவின் இத்தகைய சங்கங்களை ஆராய்ந்துவர சென்னை அரசாங்கம் சர் ஃபிரடரிக் நிக்கல்சனை நியமித்தது. அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. ரைஃபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டடைவதே நாட்டின் தேவை என்பது அவ்வறிக்கையின் முடிவு. 1904இற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஜெர்மானிய ஊர்களிற் பெட்டி என்று பெயரிட்ட ஒன்றையே நாம் சங்கம் என்னும் பெயரில் வரவேற்றோம்.

5. ரொக்கமும் கடனும்

கேஷ் என்பதற்கு ஈடாக நாம் வழங்கும் ரொக்கம் என்னும் சொல், தெலுங்கில் ரொக்கமு, மராத்தியில் ரோக், இந்தியில் ரோக்கட் எனப் பல மொழிகளிலும் பரவியுள்ளது. கடையிற் பணம் போடும் பெட்டியைக் கல்லா என்கிறோம். இந்தியில் கல்லா என்றால் கடைக்காரரின் பணப்பெட்டி. தானியம் என்றும் பொருள். பணத்தையும் பெட்டியையும் இணைத்துச் சொல்லும் பழக்கம் நம்மிடமும் உண்டு என்பதற்காக இதனைக் குறிப்பிட்டோம்.

ரொக்கம் என்னும் சொல்லுக்கு உயிர் கொடுப்பது அதன் எதிர்ச்சொல்லாகிய கடன். தறியில் அமர்ந்தவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ரொக்கம் கையில் இல்லாத நெசவாளர் நூலையும் முன்பணத்தையும் ஒரே முதலாளியிடம் பெறுகிறார். நெய்த துணியை அவரிடமே, அவர் சொன்ன கூலிக்கே கொடுக்க வேண்டியவராகிறார். விதைப்புக் காலத்தில் முன்பணம் வாங்கிய விவசாயி அறுவடைக் காலத்தில் விலை கேட்கும் உரிமையை இழக்கிறார். கையில் ரொக்கம் உள்ளவனுக்கு நான்கு கடைகள்; இல்லாதவனுக்கு ஒரே கடை.

இங்கிலாந்தின் தொழிலாளரும் இத்துன்பத்தை அனுபவித்தவர்களே. அங்கு முதலாளிகள் பலர் கூலியை நாணயமாகக் கொடாமல், தம் கடைச் சரக்காகக் கொடுத்தனர். 1831இல் நிறைவேறிய ஒரு சட்டம் பல தொழில்களில் கூலியை நாட்டின் நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அதன்பின்னும் கடைக்கடன் ஒழியவில்லை.

ராச்டேல் நகரில் 1833இல் தொடங்கிய ஒரு கூட்டுறவுக் கடை, கடனுக்குச் சரக்கு விற்றதனால் இரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது. அப்பாடத்தைக் கற்றவர்களே ராச்டேல் முன்னோடிகள். இருபத்தெட்டுப் பேர், அவர்களுட் பலர் நெசவாளர். 28 பவுன் மூலதனத்துடன், 1844 டிசம்பர் 21இல் டோட் லேன் என்னும் தெருவில் கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே சரக்கு. ரொக்கத்திற்கே விற்பனை என்பது அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று.

அவ்விதி கடுமையானது, ஏழைகளை வருத்தக்கூடியது. எனினும் அதனாற் கடையின் பெட்டி வெறுமையாகவில்லை. மொத்தச் சரக்கை ரொக்கம் கொடுத்து மலிவாக வாங்க முடிந்தது. இலாபம் வாங்கியவர்களுக்கே திரும்பியது. 1937இல் அனைத்துலகக் கூட்டுறவு நேச அமைப்பு தொகுத்த கோட்பாடுகளுள் ரொக்க வியாபாரமும் ஒன்றாக இருந்தது. 1966இல் திருத்தப்பட்ட தொகுப்பில் அது இடம்பெறவில்லை. விதைக்கும் நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் இடையே, பாவு ஓடும் நாளுக்கும் துணி விற்கும் நாளுக்கும் இடையே, கடனின்றித் தொழில் நடவாது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது.

இவ்விடத்திற் கேஷ் கிரெடிட் என்னும் தொடரின் பொருளையும் அறிந்துகொள்வது நன்று. ரொக்கமும் கடனும் எதிர்ச்சொற்கள் என்றால், இரண்டும் ஒரே தொடரில் எவ்வாறு சேர்ந்தன? 1728இல் ஸ்காட்லாந்து ராயல் வங்கி, எடின்பரோ நகரத்து வணிகர் வில்லியம் ஹாக் என்பவருக்கு, அவர் கணக்கிலுள்ளதற்கு மேலும் 1,000 பவுன் வரையில் எடுத்துக்கொள்ள அனுமதி வழங்கியது. வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம்; கையிற் பணம் வந்தபோது திருப்பிச் செலுத்தலாம்; எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாளுக்கு மட்டுமே வட்டி. இம்முறை ஸ்காட்லாந்து வங்கிகளில் விரைந்து பரவியது. நம்பகமான இருவர் பிணை நின்றால் போதும் என்று 1776இல் வெளிவந்த நூலில் ஆடம் ஸ்மித் இதனை விளக்கியிருக்கிறார். மத்திய வங்கியிடமிருந்து நம் சங்கங்கள் பெறும் காசுக்கடன் இதன் வழித்தோன்றலே. அன்று பிணையாளர் நின்ற இடத்தில் இன்று நம் கிடங்கிலுள்ள நூலும் துணியும் நிற்கின்றன. கிடங்கின் இருப்பைக் கூட்டிக் காட்டுவது பொய்ப்பிணை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

6. அங்கத்தினர் செய்ய வேண்டுவன

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். கேஷ் என்றாற் பெட்டி. ஒரு பொருளைக் கேஷ் என்று அழைக்க வேண்டுமானால் அது பெட்டியில் இருக்க வேண்டும். எண்ணிக் காட்டத்தக்கதாக இருக்க வேண்டும். வரவேண்டிய பாக்கி கேஷ் ஆகாது. நாளை தருவதாகச் சொன்ன வாக்கும் கேஷ் ஆகாது.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு சங்கத்திற் காலை இருப்பு 4,200 ரூபாய். அன்றைய வரவு 11,650 ரூபாய். செலவு 12,300 ரூபாய். மாலை இருப்பு 3,550 ரூபாய் என்று ஏடு காட்டுகிறது. பெட்டியைத் திறந்து எண்ணினால் 3,050 ரூபாய் இருக்கிறது. உடன் ஒரு துண்டுச் சீட்டு. நிர்வாகி ஒருவர் அவசரத்திற்கு 500 ரூபாய் எடுத்துக்கொண்டதாக அதில் எழுதியிருக்கிறது. இரண்டையும் கூட்டினாற் கணக்குச் சரியாகிறதே என்று சிலர் கூறுவர். சரியாகவில்லை. சீட்டு பணமன்று. அந்த 500 ரூபாய், யாரும் தீர்மானிக்காத, வட்டியில்லாத, தவணையில்லாத கடனாக வெளியே சென்றுவிட்டது. முதற்சீட்டைக் கண்டும் காணாமல் விட்ட பெட்டியில் அடுத்த மாதம் ஐந்து சீட்டுக்கள் இருக்கும். பின்னர் ஒரு நாள் நூல் வாங்கப் பணம் இராது, தறிகள் நிற்கும், கூலி நின்ற வீடுகளில் உள்ளோர் பழைய முதலாளியின் வாயிலுக்கே மீண்டும் செல்வர். சங்கம் வீழ்வது பெரும்பாலும் இவ்வாறு சிறிது சிறிதாகவே.

இதனைத் தடுக்கும் வழிகள் யாவரும் அறிந்தவையே. வழுவாது கடைப்பிடிப்பதே அரிது.

முதலாவது, ரொக்க ஏட்டை அன்றன்றே முடித்து, நோட்டுக்களையும் நாணயங்களையும் வகைவாரியாக எண்ணி எழுதிக் கையொப்பமிட வேண்டும். மறுநாட் காலையில் முடிப்பது முடிப்பதாகாது.

இரண்டாவது, கைரொக்கம் எவ்வளவு வரை வைத்திருக்கலாம் என்பதைத் துணைவிதிகளிலோ தீர்மானத்திலோ வரையறுத்து, மிகுந்ததை உடனே வங்கியிற் செலுத்த வேண்டும்.

மூன்றாவது, பணம் செலுத்தும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அச்சிட்ட இரசீது கேட்டுப் பெற வேண்டும். தெரிந்தவரிடம் இரசீது கேட்பது அவமதிப்பு என்று எண்ணுதல் தவறு. இரசீது கொடுப்பவரையும் அது காக்கிறது.

நான்காவது, நிர்வாகக் குழுவினர் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். செயலாளர் நேர்மையானவர் என்பதற்காக இதனை விட்டுவிடலாகாது. நேர்மையான செயலாளரே இதனை முதலில் வரவேற்பார்.

இக்காலத்திற் கூலியும் விளைபொருள் விலையும் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகின்றன. தேநீர்க் கடையிலும் கைப்பேசியினால் பணம் செலுத்துகின்றனர். இனிப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். பெட்டி உருமாறியிருக்கிறதேயன்றி மறையவில்லை. சங்கத்தின் வங்கிக் கணக்கே இன்று பெரிய பெட்டி. காசோலையில் கையொப்பமிடும் இருவரும், கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணும் அதன் சாவிகள். அச்சாவிகள் இரண்டும் ஒருவர் கையிற் சேர்ந்தால், பழைய பெட்டியின் பூட்டு உடைந்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மாதந்தோறும் வங்கியின் கணக்கு நகலைப் பெற்றுச் சங்க ஏட்டுடன் ஒத்துப் பார்ப்பதே இப்பெட்டியை எண்ணும் முறை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். நவம்பர் 14இல் அந்நோட்டுக்களை மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகள் பெறுவதும் மாற்றுவதும் தடுக்கப்பட்டன. அவற்றையே நம்பியிருந்த கிராமத்து அங்கத்தினர் பட்ட இடர் மிகுதி. அந்த இரவிற் பெட்டியில் இருந்தவை எந்த நோட்டுக்கள், எத்தனை என்னும் கேள்விக்கு, அன்று மாலையே வகைவாரியாக எண்ணி எழுதிய ரொக்க ஏடு ஒன்றே ஐயமின்றி விடை கூறவல்லது.

அடுத்த மகாசபையில் ஆண்டறிக்கை படிக்கப்படும்போது, இலாபத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து செல்லாதிருப்போமாக. ஐந்தொகையிற் கைரொக்கம், வங்கி இருப்பு என்னும் இரண்டு வரிகளைப் பார்த்து, அவை எண்ணிச் சரிபார்க்கப்பட்ட நாளையும் எண்ணியவர் பெயரையும் கேட்போமாக. அக்கேள்வியைக் கேட்பது ஒவ்வொரு பங்குதாரரின் உரிமை. கேளாதிருப்பது பொதுப்பெட்டியைத் திறந்து வைத்துச் செல்வதாகும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. ஆங்கிலத்திலுள்ள இரண்டு கேஷ்களின் பிறப்பைக் கூறுக. அவை வேறு வேறு என்பதற்கு 1494ஆம் ஆண்டு நூல் எவ்வாறு சான்றாகிறது?

2. பெட்டியின் கணக்கிற் செலவு வரவை மிஞ்சாது என்பதன் காரணம் யாது? நம் சங்கத்து ரொக்க ஏட்டில் எப்போதேனும் அவ்வாறு நேர்ந்திருக்கிறதா?

3. ராச்டேல் முன்னோடிகளின் ரொக்க விற்பனை விதியால் விளைந்த நன்மை யாது? நெசவாளருக்கும் விவசாயிக்கும் அது முழுவதும் ஏன் பொருந்தாது?

4. நம் சங்கத்திற் கைரொக்க உச்ச அளவு எவ்வளவு? அதனை வகுத்த தீர்மானம் எந்நாள் நிறைவேறியது?

5. வங்கிக் கணக்கின் சாவிகள் இன்று எவரெவர் கையில் உள்ளன? நிர்வாகக் குழுவிடம் கேட்டறிந்து அடுத்த கூட்டத்திற் கூறுக.